குடத்தில் இறங்கிய வெயில்

இந்திராணி மொட்டை மாடியிலிருந்து முதல் குடம் வெயிலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியிறங்கி வந்த அன்று, வெயிலை எப்படிக் குடத்தில் பிடிக்க முடியும் என்று எதிர்ப்பட்டவர்கள் யாரும் கேட்கவில்லை. நான்காம் மாடி ஹேமாவதி கதவைத் திறந்து பார்த்து, "எங்க மாடியிலேர்ந்தா எடுத்தீங்க?" என்றாள். இரண்டாம் மாடியில் இருக்கும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அருணகிரி சுவரோடு ஒட்டி வழிவிட்டு, "சிந்தாம போங்கம்மா, காலையிலதான் படி கழுவினது" என்றார். கீழ்த்தளத்தில் டியூப் லைட் வெளிச்சத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் கணவர் தட்சிணாமூர்த்தி தலையைத் தூக்காமல், "ஒரு குடம் போதுமா?" என்று மட்டும் கேட்டார்.

சென்னை மூலக்கடைக்குப் பின்னால் இருந்த அந்தக் குடியிருப்பில் குழாயில் வந்த தண்ணீரைவிட லாரியில் வந்த தண்ணீரே அதிகம். குடம் என்று ஒன்று கையில் இருந்தால் அதில் எதையாவது பிடித்தே ஆகவேண்டும், பிடித்ததைப் படியேற்றியோ இறக்கியோ ஆகவேண்டும், அதற்காக யாரிடமாவது சண்டை போட்டே ஆகவேண்டும் என்பது அங்கே பல வருடப் பழக்கம். அதனால் குடத்துக்குள் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. எத்தனை மணிக்கு வருகிறது, வரிசையில் தன் குடம் எங்கே நிற்கிறது என்பதுதான் விஷயம்.

எல்லாம் ஒரு தொலைபேசிப் பேச்சில் ஆரம்பித்தது. இந்திராணியின் மகள் தேன்மொழி தன்னோடு வேலை பார்க்கும் பூமிநாதனைக் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தாள். முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்த அவன் அம்மா முத்திருளாயி எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிட்டு, கடைசியில் ஒன்று கேட்டாள்.

"எங்க வழக்கத்துல பொண்ணு வீட்ல முளைப்பாரி போடணும் மதினி. நான் வந்து பாத்துட்டு, எங்க சாமிகிட்ட உத்தரவு கேட்டுட்டுத்தான் பந்தக்கால் ஊனுறது. விதையப் போட்ட நாள்லேர்ந்து சட்டி வீட்டு வாசப்படி தாண்டக் கூடாது. வளக்குற விதம் தெரியும்ல?"

இந்திராணி பிறந்தது வளர்ந்தது எல்லாம் வடசென்னை. முளைப்பாரியை அவள் டிவியில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் சம்பந்தியம்மாவிடம் முதல் பேச்சிலேயே தெரியாது என்று சொல்லிவிட்டால், அப்புறம் காலமெல்லாம் தெரியாதவளாகவே இருக்க வேண்டிவரும் என்று அவளுக்குத் தோன்றியது. "தெரியாம என்ன மதினி, நல்லாத் தெரியும்" என்று சொல்லிவிட்டாள்.

"பூமி, உத்தரவு கிடைக்கலைன்னா?" என்று தேன்மொழி ஆபீஸ் கேன்டீனில் கேட்டபோது பூமிநாதன் டீயை ஊதியபடி, "அம்மா சாமி சொன்னா கேப்பாங்க, நான் சொன்னா கேக்க மாட்டாங்க" என்றான். பொய் சொல்லத் தெரியாத பையன். அதற்காகத்தான் தேன்மொழிக்கு அவனைப் பிடித்திருந்தது. அன்றைக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

பின்னறையில் மண்சட்டிகளை வரிசையாக வைத்து, நர்சரியில் வாங்கிய மண்ணைப் போட்டு, ஊற வைத்த தட்டாம்பயறும் பாசிப்பயறும் மொச்சையும் தூவினாள் இந்திராணி. எல்லாம் முளைத்தது. முளைத்து நிமிர்ந்து இரண்டு இலை விட்டதும் மஞ்சளாகத் தொடங்கியது. முதலில் இலையின் ஓரம், பிறகு நரம்புக்கு நடுவே, பிறகு தண்டும் சேர்ந்து, காமாலை கண்ட குழந்தைகள்போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன.

"மஞ்சள்னா மங்கலம்தானே, விடு" என்றார் தட்சிணாமூர்த்தி. அன்று அவருக்கு மதியச் சாப்பாட்டில் அப்பளம் வரவில்லை.

கட்டடம் முழுக்க யோசனை சொன்னது. தண்ணி ஜாஸ்தி, வேர் அழுகுது என்றாள் ஹேமாவதி. தண்ணீர் போதாது, அத்துடன் வடிகட்டிய காபித்தூளையும் போட வேண்டும் என்றார் அருணகிரி. இஸ்திரி வண்டிக்காரம்மா அரிசி கழுவின தண்ணீர் என்றாள். யார் மனதையும் நோகடிக்க வேண்டாம் என்று இந்திராணி எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தாள். பயிர்கள் இன்னும் மஞ்சளாயின. கடைசியில் நர்சரிக்காரரிடமே போய்க் கேட்டபோது, அவர் அவள் கொண்டுபோன ஒற்றை இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பட்டினிம்மா. வெயில் பட்டினி" என்றார்.

வெயிலுக்கு எங்கே போவது? எதிரே அந்தப் பெரிய கட்டடம் எழும்பியதிலிருந்து கீழ்த்தளத்துக்குச் சூரியன் வருவது நின்றுபோயிருந்தது. பகலிலும் லைட் போட்டார்கள். யார் வந்தாலும் வாங்க என்பதற்கு முன்னாலேயே, "கொஞ்சம் இருட்டா இருக்கும், பாத்து வாங்க" என்பது இந்திராணியின் வாயில் தானாக வரும். சட்டிகளை மாடிக்கு எடுத்துப்போகலாம் என்றால் அவை வாசப்படி தாண்டக் கூடாது.

அந்த யோசனையோடுதான் அவள் மொட்டை மாடிக்குப் போனாள். புளி போட்டுத் தேய்த்துக் காயட்டும் என்று சாய்த்து வைத்திருந்த பித்தளைக் குடத்தை எடுக்கப் போனவள் அதைத் தூக்க முடியாமல் இரண்டு கையும் கொடுத்தாள். மிச்சத் தண்ணீர் இருக்கிறதாக்கும் என்று சரித்துப் பார்க்க, வாயிலிருந்து வெயில் தளும்பிக் கால்விரல்களில் வெதுவெதுப்பாகக் கொட்டியது. வீணாகிறதே என்று உடனே குடத்தை நிமிர்த்தினாள். தண்ணீருக்குப் பழகிய இடுப்பு, இதற்கும் வளைந்துகொடுத்தது.

பின்னறையில் சட்டிகளின்மேல் அவள் அதைச் சுற்றி ஊற்றினாள். மண்ணில் இறங்கி, இலைகளில் தங்கி, மிஞ்சியது தரையில் ஓடிக் கட்டில் காலைத் தொட்டு நின்றது. சாய்ந்து கிடந்த முளைகளில் ஒன்று, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல, மெல்லத் தலையைத் தூக்கியது.

மறுநாள் காலையில் மொட்டை மாடிக் கதவருகே குடங்கள் வரிசையாக நின்றன. குடத்தை அனுப்ப முடியாதவர்கள் இடம்பிடிக்க ஒரு செங்கல்லையும் உடைந்த மக்கையும் வைத்திருந்தார்கள். ஒற்றைச் செருப்பு ஒன்றும் இருந்தது. "செருப்பெல்லாம் வரிசையில சேராது" என்று ஒரு சண்டை நடந்தது. பிளாஸ்டிக் குடத்தில் பிடித்தவர்களுக்கு இரண்டு மாடி இறங்குவதற்குள் பக்கவாட்டில் கசிந்து பாதிதான் மிஞ்சியது. பித்தளைதான் தாங்கும், எவர்சில்வர் பரவாயில்லை என்பது மதியத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வெயிலைக் கொண்டுபோய்ச் சிலர் ஈரம் ஊறிய அலமாரிக்குள் தெளித்தார்கள், சிலர் பருப்பு டப்பாவில் ஊற்றி வண்டு விரட்டினார்கள். அருணகிரி ஒரு பேசின் நிறைய ஊற்றி, வேட்டியை முழங்காலுக்கு மேல் வழித்துக்கொண்டு, மூட்டுவலிக் கால்களை அதில் வைத்தபடி உலக நடப்பு பேசினார். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் சிந்திச் சிந்திப் படிக்கட்டு முழுக்க வெளிச்சம் ஒட்டிக்கொண்டதால், படிவிளக்கு எரிகிறதா அணைந்ததா என்று பார்க்கும் வேலை அவருக்கு மிச்சமானது.

ஹேமாவதிதான் பொங்கினாள். அவள் காயப்போட்ட வடாம் மாவாகவே கிடந்தது. எல்லோரும் மொண்டது போக மாடியில் வெயிலின் அடி வண்டல்தான் மிஞ்சுகிறது என்று புகார் சொல்லி, சங்கக் கூட்டத்தைக் கூட்டச் சொன்னாள்.

"மேல் மாடி வாங்கும்போது வெயிலையும் சேத்துத்தான் வாங்கினோம். அக்கினி நட்சத்திரத்துல நாங்க உள்ளே வெந்துக்கிட்டு இருந்தப்போ யாராவது வந்து ஒரு குடம் எடுத்துட்டுப் போனீங்களா? இப்போ மட்டும் பொதுச்சொத்தா?"

 காலை வெயில் பொது, உச்சி வெயில் அவசியம் இருப்பவர்களுக்கு மட்டும், சாயங்கால வெயில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், அதில் சத்து இல்லை என்று அருணகிரி ஒரு தீர்மானம் சொன்னார். முளைப்பாரி அவசியத்தில் சேருமா என்று யாரோ கேட்க, எல்லோரும் இந்திராணியைப் பார்த்தார்கள். அவள் புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்து ஹேமாவதியின் குரல்தான் முதலில் இறங்கியது.

"கல்யாணப் பொண்ணுக்குன்னா எடுத்துக்கோங்கக்கா. அது வேற கணக்கு. வடாம் எங்கே போகுது."

உச்சி வெயிலை அப்படியே ஊற்றியதில் ஒரு சட்டியில் இலை நுனி கருகியதும், கீழே இறங்கி வந்து இந்திராணியைத் திட்டியவளும் ஹேமாவதிதான். "காபி ஆத்தத் தெரியாதா உங்களுக்கு? இதையும் அப்படித்தான் ஆத்தணும்." பெரிய டம்ளர் ஒன்றையும் டவராவையும் கொண்டுவந்து, கையை முழ நீளத்துக்கு விரித்து, வெயிலை மேலிருந்து கீழே நூலாக இறக்கி, திரும்ப ஏற்றி இறக்கி, விரல்விட்டுப் பதம் பார்த்து, பிறகுதான் ஊற்றவிட்டாள். அன்றிலிருந்து ஆற்றும் வேலை அவளுடையது. தட்சிணாமூர்த்தி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் நடந்தார். ஒவ்வொரு முறையும், "ஒரு போன் போட்டு அவங்களையே கேட்டிருக்கலாம்" என்று படிகளிடம் சொன்னார். தேன்மொழி அதையே அம்மாவிடம் நேராகச் சொன்னாள்.

"அத்தைகிட்டக் கேட்டா என்னம்மா குறைஞ்சு போகும்?"

"முதல்லயே நாம எறங்கிப் போன மாதிரி ஆயிடும்."

"அப்பா தெனம் எத்தனை தடவை ஏறி எறங்கறாரு, அது பரவாயில்லையா?"

இந்திராணி சட்டிகள் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கண் இலைகளில் இருந்தது. மஞ்சள் பின்வாங்கிக்கொண்டிருந்தது. நரம்பில் தொடங்கி ஓரம்வரை பச்சை பரவி, தண்டு தடித்து, சட்டிகள் தெரியாத அளவுக்கு அடர்ந்து, பின்னறைக்குள் நுழைந்தால் மூக்கில் வயல்வாசம் அடித்தது. கட்டடத்தில் எல்லோரும் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆளுக்கொரு குடம் வெயில் கொடுத்திருந்ததால், எந்தச் சட்டி தங்கள் குடத்தில் பச்சையானது என்று அவரவருக்கு அடையாளம் தெரிந்தது. "அந்த மூலைச் சட்டி நம்ம குடம்" என்று அருணகிரி தன் மனைவியிடம் காட்டினார்.

முத்திருளாயி கொழுந்தனாரின் வேனில், இரண்டு மூட்டை குண்டு மிளகாயோடு வந்து இறங்கினாள். கறுத்து ஒல்லியாக, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கியே முகம் அப்படியே நின்றுவிட்ட பெண்மணி. காபி வேண்டாம், முதலில் சட்டியைக் காட்டுங்கள் என்றாள்.

இந்திராணி பின்னறைக் கதவைத் திறந்தாள். சம்பந்தியம்மா வருகிறாள் என்று அன்று ஒரு குடம் கூடுதலாகவே ஊற்றியிருந்தார்கள். முத்திருளாயி கையால் கண்ணை மறைத்துக்கொண்டாள்.

"லைட்ட அமத்துங்க மதினி."

"லைட் இல்லை மதினி, வெயில்."

முத்திருளாயி கையை மெல்ல இறக்கிப் பார்த்தாள். 

"இது என்னது?"

"முளைப்பாரி."

"இதுவா? இது வயலு மதினி. இதுக்குள்ள மாடு மேய விடலாம்." அவள் குனிந்து ஒரு இலையைத் தொட்டாள். "முளைப்பாரின்னா மஞ்சளா இருக்கணும். இருட்டுக்குள்ள வச்சு, கதவடச்சு, வெளிச்சம் நுழையாம, கொழுந்து மஞ்சளா நீட்டமா வரணும். பச்ச தெரிஞ்சா வெயிலு பட்டுருச்சுன்னு அர்த்தம். வெயிலு படாம வளக்கத்தான் எங்க ஊருப் பொம்பளைக அம்புட்டுப் பாடு படுறோம்."

வாசலில் கட்டடமே நின்றுகொண்டிருந்தது. ஹேமாவதி டவராவை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். தட்சிணாமூர்த்தி தொண்டையைச் செருமி, "நான் அன்னைக்கே..." என்று ஆரம்பித்து, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அடுப்படி வாசலில் தேன்மொழி கையில் காபித் தட்டோடு நின்றாள். 

"வெயில் படலை மதினி" என்றாள் இந்திராணி. "நாங்கதான் கொண்டுவந்து ஊத்தினோம்."

"எதுல?"

"குடத்துல."

"பித்தளையா?"

"ஆமா."

"பித்தளதான் தாங்கும்" என்று முத்திருளாயி தலையாட்டினாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "அது சரி, சாமிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"தெரியும்னு சொன்னேன் மதினி. எனக்குத் தெரியாது. தப்பு என்னோடது, பொண்ணோடது இல்லை." அதைச் சொல்வது இந்திராணிக்கு நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. 

முத்திருளாயி கூடத்துக்கு வந்தாள். நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். உள்ளங்கையைத் தரையில் அழுத்தி வைத்தாள். இன்னொரு கையையும் வைத்தாள். சுவரில் சாய்ந்தாள். வருடக்கணக்காகச் சுருங்கியிருந்த அந்த முகம் கண்ணோரத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக விரிவதை எல்லோரும் பார்த்தார்கள்.

"இங்க என்ன இம்புட்டுக் குளுமையா இருக்கு?"

"கொஞ்சம் இருட்டாத்தான் இருக்கும் மதினி" என்று இந்திராணியின் வாய் தானாகச் சொன்னது. "எதிர்க் கட்டடம் மறைச்சிடுச்சு. அது வந்ததிலேர்ந்தே வெளிச்சம் இல்லை."

"எத்தன வருசமா?"

"தேன்மொழி பத்தாவது படிக்கறப்போ கட்டினாங்க."

"அம்புட்டு வருச நெழலும் இங்கயேவா கெடக்கு?" முத்திருளாயி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "யாரும் எடுக்கலையா?"

யாரும் எடுக்கவில்லை என்று அருணகிரி செயலாளர் என்ற முறையில் உறுதி சொன்னார்.

அப்போதுதான் அவள் சொன்னாள். அவர்கள் சாமிக்குக் கூரை போடக் கூடாது. எத்தனையோ தலைமுறையாக ஒரு வாகை மரம்தான் சாமிக்கு நிழல். போன ஆடிக் காற்றில் அது விழுந்துவிட்டது. கன்று நட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், அது முழங்கால் உயரம்கூட இல்லை. மரம் விழுந்ததிலிருந்து சாமியிடம் எதைக் கேட்டாலும் உத்தரவு கிடைப்பதில்லை. ஊரில் நான்கு கல்யாணம் நிற்கிறது.

"கோவக்கார சாமியெல்லாம் இல்ல மதினி அது. வெயில்ல உக்காந்துருக்கு, அம்புட்டுத்தான். நெழலக் கொண்டுபோயி வச்சா, முளப்பு மஞ்சளா பச்சையான்னு பாக்காது. பாத்துக் கேட்டுச்சுன்னா நான் பேசிக்கிறேன்." அவள் எழுந்து கொசுவத்தை இழுத்துச் செருகினாள். "குடம் எத்தன இருக்கு?"

கட்டடத்தில் இருந்த குடமெல்லாம் இறங்கி வந்தது. மிச்சம்மீதி வெயிலை வாசலில் கொட்டிக் கவிழ்த்துத் தட்டினார்கள். முத்திருளாயி வீட்டுக்குள் நடந்து நடந்து நிழல் பார்த்தாள், கத்தரிக்காய் வாங்குகிற பார்வையோடு. பீரோவுக்குப் பின்னால் இருப்பது வேண்டாம், மக்கல் வாடை அடிக்கிறது, சாமிக்கு ஆகாது. கூடத்தில் இருப்பது சுமார். கட்டிலுக்கு அடியில் இருப்பது நன்றாக ஊறினது. குடத்தைச் சாய்த்து வாயைக் கட்டிலுக்கு அடியில் வைத்துப் பொறுமையாக இருக்க, நிழல் சத்தமில்லாமல் உள்ளே வழிந்து கழுத்துவரை ஏறியது. நிழலுக்குப் பிளாஸ்டிக்கே போதும், கசியாது என்பதும் தெரிந்தது. படிக்கட்டுக்குக் கீழே உள்ள நிழல் சங்கத்துக்குச் சொந்தம், அதற்குத் தனியாகத் தீர்மானம் வேண்டும் என்று அருணகிரி ஆரம்பித்தார். முத்திருளாயி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தாமே ஒரு குடத்தைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி வேனில் ஏற்றினார்.

"எனக்கும் ஒரு குடம் தருவீங்களாக்கா?" என்று ஹேமாவதி இந்திராணியின் காதருகே கேட்டாள். "சித்திரை வந்தா எங்க வீடு அடுப்பு."

"நீங்க கேட்டு இல்லேன்னுவேனா? ஆத்திக் குடுக்கணுமா, அப்படியே எடுத்துப்பீங்களா?" என்றாள் இந்திராணி. பல நாட்களுக்குப் பிறகு அவள் அன்றுதான் சிரித்தாள்.

ஒவ்வொரு குடமும் வெளியேற வீடு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. கூடத்தின் மூலைகள் தெரிந்தன. உத்தரத்தில் ஒட்டடை தெரிந்தது. சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடம், நாற்காலியின் கிழிந்த பின்னல், தேன்மொழியின் பெட்டி பாதி அடுக்கித் திறந்து கிடப்பது எல்லாம் தெரிந்தன. இத்தனை வருடமாக வருகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு வைத்திருந்த இருட்டு, வாயில் வெள்ளைத் துணி கட்டி வரிசையாக வேனில் உட்கார்ந்திருந்தது. இந்திராணிக்குத் திடீரென்று மனசு கேட்கவில்லை. கடைசிக் குடத்தை முத்திருளாயி தூக்கும்போது அவள் போய் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இது ஒன்னை மட்டும் வெச்சுட்டுப் போங்க மதினி."

"ஏன், சாமிக்குன்னு எடுத்தாச்சே?"

"தேன்மொழி தலைப்பிரசவத்துக்கு இங்கதானே வருவா. அது வெயில் காலமா இருந்துட்டா?"

வாசலில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். தேன்மொழி முகத்தைக் காபித் தட்டால் மறைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"இன்னும் பந்தக்காலே ஊனல, அதுக்குள்ளயா!" என்றாள் முத்திருளாயி. சொல்லிக்கொண்டே கையிலிருந்த குடத்தின் துணியை விலக்கி முகர்ந்து பார்த்தாள். கூடத்து நிழல், சுமார் ரகம். அதை வேனில் வைத்துவிட்டு, உள்ளே ஏறி, வரிசைக்கு அந்தப் பக்கம் கைநீட்டிக் கட்டிலுக்கு அடியில் பிடித்த முதல் குடத்தை இழுத்து எடுத்தாள். இறங்கி வந்து அதை இந்திராணியின் இடுப்பில் தானே வைத்து, வாய்த்துணியை இறுக்கிக் கட்டினாள்.

"பச்சப்பிள்ளைக்கு ஊறின நெழலுதான் நல்லது" என்றாள். பிறகு வேனுக்குள் இருந்த கொழுந்தனாருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள். "சாமிகிட்ட நான் சொல்லப்போறதில்ல. நீங்களும் யார்கிட்டயும் சொல்லிக்கிறாதீங்க மதினி."